நிரலே மூலபாடம்: கமடோர் 64 கணினி இசையைத் திறனாயும் முறை

ஆய்வுச் சுருக்கம்

1980-களில் வீட்டுக் கணினிகளுக்கென இயற்றப்பட்ட இசை, கருவியின் போதாமையை வென்ற திறமையாகவோ இளமைக்கால நினைவாகவோதான் பெரும்பாலும் பேசப்படுகிறது. அவ்விசையைப் படைப்பாகக் கொண்டு மதிப்பிட வேண்டுமாயின், அதன் மூலபாடம் எது என்பதை முதலில் வரையறுக்க வேண்டும் என இக்கட்டுரை வாதிடுகிறது. கமடோர் 64 கணினியின் சிட் ஒலிச்சில்லுக்காக ராப் ஹப்பர்டும் மார்ட்டின் கால்வேயும் இயற்றிய இசைகளைச் சான்றாகக் கொண்டு, நிரலே மூலபாடம் என்பதும், சில்லுக்குச் சில்லு தோன்றும் வேறுபாடுகள் பாடவேறுபாடுகளாகக் கருதத்தக்கவை என்பதும் நிறுவப்படுகின்றன. ஒலிப்பதிவை மட்டும் காக்கும் ஆவணமுறையின் குறையும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கமடோர் 64, சிட் சில்லு, கணினி இசை, மூலபாடம், பாடவேறுபாடு, ஒலி மாதிரி, ஆவணக் காப்பு

1. முன்னுரை

இசைத் திறனாய்வு தன் ஆய்வுப்பொருளைச் சுரக்குறிப்பாகவோ ஒலிப்பதிவாகவோ பெற்றுப் பழகியது. வீட்டுக் கணினி இசை இவ்விரண்டிலும் அடங்குவதில்லை. 1982-இல் அமெரிக்காவில் வெளியான கமடோர் 64 கணினிக்கு இசையமைத்தோர், சுரங்களைத் தாளில் எழுதி வாத்தியக் கலைஞரிடம் ஒப்படைக்கவில்லை. ஒலிக்கூடத்தில் பதிவு செய்து வழங்கவும் இல்லை. அவர்கள் எழுதியது நிரல். கணினி விளையாட்டின் ஒரு பகுதியாக நாடாவிலோ நெகிழ்வட்டிலோ விற்கப்பட்ட அந்நிரல், வாங்கியவர் வீட்டில் ஒவ்வொரு முறையும் புதிதாக இயங்கி இசையை உண்டாக்கியது.

காரன் காலின்ஸ் 2008-இல் வெளியிட்ட விளையாட்டொலி பற்றிய நூலும், கென்னத் மெக்ஆல்பைன் 2018-இல் வெளியிட்ட சில்லிசை வரலாறும் இத்துறைக்குக் கல்விப்புலத்தில் இடம் தேடித் தந்தன. எனினும், பொதுவான எழுத்துகளில் இரண்டு போக்குகள் இன்றும் மேலோங்கி நிற்கின்றன. ஒன்று, மூன்றே குரல்களைக் கொண்டு இவ்வளவு செய்தார்களே என வியப்பது. மற்றொன்று, இளமையில் கேட்ட ஒலி என நெகிழ்வது. வியப்பும் நெகிழ்ச்சியும் இயல்பானவையே. ஆயினும், ஓர் இசை ஏன் சிறந்தது, மற்றொன்று ஏன் சிறக்கவில்லை என்னும் வினாவிற்கு அவை விடை தருவதில்லை. அவ்வினாவை எழுப்புவதற்கு எதனை வாசிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

2. சிட் சில்லின் அமைப்பு

கமடோர் 64 கணினியின் ஒலிச்சில்லான 6581, சிட் எனப்படுவது. இதனை மாஸ் டெக்னாலஜி நிறுவனத்தில் பாப் யான்னஸ் வடிவமைத்தார். அக்காலத்து வீட்டுக் கணினிகளின் ஒலிச்சில்லுகளில் நிறைவு கொள்ளாத அவர், மின்னிசைக் கருவியின் இயல்புகளைச் சில்லுக்குள் கொண்டுவர விரும்பினார். பின்னர் என்சோனிக் என்னும் இசைக்கருவி நிறுவனத்தின் நிறுவனர்களுள் ஒருவரானார். 

சில்லில் மூன்று குரல்கள் உண்டு. ஒவ்வொரு குரலும் முக்கோண அலை, இரம்பப்பல் அலை, துடிப்பு அலை, இரைச்சல் என்னும் நான்கனுள் ஒன்றைத் தரும். துடிப்பு அலையின் அகலத்தை 12 பிட்டு நுட்பத்தில் மாற்றலாம். ஒலி எழுந்து, தணிந்து, நிலைத்து, ஓயும் வடிவத்தைக் குரல்தோறும் தனித்தனியே வகுக்கலாம். மூன்று குரல்களுக்கும் பொதுவாக ஒரு வடிகட்டியும், 16 படிகள் கொண்ட ஓர் ஒலியளவுக் கட்டுப்பாடும் உண்டு. இவையனைத்தும் 25 பதிவகங்களில் எண்களை எழுதுவதன் மூலம் இயக்கப்படுகின்றன: குரலுக்கு 7 வீதம் 21, வடிகட்டிக்கும் ஒலியளவுக்குமாக 4.

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். சில்லுக்குள் பியானோ இல்லை, முரசும் இல்லை. அலைவடிவங்கள் மட்டுமே உள்ளன. ஓர் அலைவடிவத்தை மாற்றமின்றி ஒலிக்கவிட்டால் அது கதவுமணியின் ஒலியைப் போன்றே கேட்கும். வாத்தியம் என நாம் உணர்வது, அலைவடிவமும் அதிர்வெண்ணும் அகலமும் நொடியின் சிறுகூறுகளில் மாறுவதால் பிறப்பது. அம்மாற்றங்களைச் செய்வது சில்லன்று, நிரலே. ஆகவே, சிட் இசையில் இசையமைப்பாளர் சுரங்களைத் தெரிவு செய்வதோடு நிற்பதில்லை. அச்சுரங்களை ஒலிக்கும் வாத்தியத்தையும் அவரே எழுதுகிறார்.

3. ஹப்பர்டின் நிரலை வாசித்தல்

இங்கிலாந்தின் ஹல் நகரில் பிறந்த ராப் ஹப்பர்ட், கணினிக்கு வருமுன் தொழில்முறை இசைக்கலைஞராக இருந்தவர். கிரெம்லின் கிராபிக்ஸ் வெளியிட்ட 'மான்ட்டி ஆன் தி ரன்' விளையாட்டிற்கு 1985-இல் அவர் இயற்றிய இசை ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீள்வது. சார்லஸ் வில்லியம்ஸ் இயற்றிய 'டெவில்ஸ் கேலப்' என்னும் இசையைத் தூண்டுதலாகக் கொண்டது. அதன் இயக்கு நிரல் பிரித்தெடுக்கப்பட்டு, வரிவாரியான விளக்கத்துடன் 1993-இல் 'சீ ஹேக்கிங்' என்னும் மின்னிதழில் வெளியாயிற்று. எனவே, இவ்விசையை எழுதப்பட்ட நிலையிலேயே வாசிக்க இயலும்.

அந்நிரல் ஏறத்தாழ ஆயிரம் பைட்டு அளவினது. திரை ஒருமுறை வரையப்படுந்தோறும், அதாவது ஐரோப்பியக் கணினிகளில் நொடிக்கு 50 முறை, அது அழைக்கப்படுகிறது. இந்த 1/50 நொடியை இக்கட்டுரை 'கணம்' எனக் குறிக்கிறது. இசை மூன்று தடங்களாக அமைந்துள்ளது. ஒவ்வொரு தடமும் பாங்குகளின் எண்வரிசை. ஒவ்வொரு பாங்கும் சுரங்களின் தொகுதி. சுரத்தின் நீளத்திற்கு 5 பிட்டுகள் ஒதுக்கப்பட்டுள்ளன. ஆகவே, நீளம் 0 முதல் 31 வரையிலான ஓர் எண்ணாகவே அமைய முடியும். அதனினும் நீண்டொலிக்க வேண்டின் அடுத்த சுரத்தோடு இணைக்க வேண்டும். பாங்குகள் மீண்டும் மீண்டும் எடுத்தாளப்படுவதால் நினைவகம் மிச்சமாகிறது.

திறனாய்வாளருக்கு இன்றியமையாத பகுதி வாத்திய வரையறையே. ஒவ்வொரு வாத்தியமும் 8 பைட்டுகளில் அடங்குகிறது: துடிப்பு அகலத்திற்கு இரண்டு, அலைவடிவத்திற்கு ஒன்று, எழுச்சி முதல் ஓய்வு வரையிலான வடிவத்திற்கு இரண்டு, சுர அசைவின் ஆழத்திற்கு ஒன்று, அகலம் மாறும் வேகத்திற்கு ஒன்று, சிறப்பு விளைவுகளுக்கு ஒன்று. இறுதி பைட்டின் ஒரு பிட்டு, அவ்வாத்தியம் முரசு என்பதைக் குறிக்கும். பெருமுரசு ஒலிக்கும் விதம் பின்வருமாறு: முதல் கணத்தில் மட்டும் குரல் இரைச்சலாக ஒலிக்கிறது, அடுத்த கணத்தில் துடிப்பு அலையாக மாறுகிறது, அதன்பின் அதிர்வெண் விரைந்து சரிகிறது. தோலில் கோல் படும் ஓசையை அந்த ஒரு கண இரைச்சலும், தொடரும் முழக்கத்தை அதிர்வெண்ணின் சரிவும் உணர்த்துகின்றன.

இதனைச் சுரக்குறிப்பில் எவ்வாறு எழுதுவது? மேற்கத்திய முறையில் முரசுக்கு ஒரு புள்ளி இடப்படும், அவ்வளவே. ஆனால் ஹப்பர்டின் இசையில் கேட்போரை ஈர்க்கும் விசை அப்புள்ளிக்குள் நிகழும் மாற்றத்திலேயே உள்ளது. ஒரே குரல் ஒரு கணம் முரசாகவும், மறுகணம் அடித்தொனி நரம்பாகவும் தோன்றுவதால், மூன்று குரல்கள் ஐந்தாறு வாத்தியங்களாகக் கேட்கின்றன. சுரக்குறிப்பு இதனை இழக்கிறது. ஒலிப்பதிவோ விளைவைத் தருமேயன்றி, அதன் அமைப்பைக் காட்டாது. இரண்டையும் ஒருங்கே தாங்கி நிற்பது நிரல் ஒன்றே.

4. கட்டுப்பாட்டு விளக்கத்தின் போதாமை

கட்டுப்பாடே படைப்பூக்கத்தைப் பிறப்பித்தது என்னும் விளக்கம் பரவலானது. சுரக்கூட்டினை இதற்குச் சான்று காட்டுவர். மூன்று சுரங்களை ஒருங்கே ஒலிக்கச் செய்தால் மூன்று குரல்களும் தீர்ந்துவிடும். எனவே, ஒரே குரலில் கணத்திற்கொரு சுரமாக மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்தனர். ஆர்பெஜியோ எனப்படும் இம்முறை, சிட் இசையின் அடையாளமாகவே ஆயிற்று. தேவை இம்முறையைத் தோற்றுவித்தது என்பதில் ஐயமில்லை.

ஆனால் தோற்றத்தை விளக்குவது மதிப்பை விளக்குவதாகாது. மூன்று சுரங்கள் கணத்திற்கொன்றாகச் சுழலும்போது, அச்சுழற்சி நொடிக்கு ஏறத்தாழ 17 முறை நிகழ்கிறது. இவ்வேகத்தில் செவி சுரங்களைத் தனித்தனியே பிரித்தறிவதில்லை; முழுமையாக இணைத்துக்கொள்வதும் இல்லை. கூட்டு சுரமாகவும் நடுக்கமாகவும் ஒருசேர உணரப்படும் புதியதோர் ஒலிப்பண்பு பிறக்கிறது. சுரக்கூட்டுக்கு மாற்றாக வந்த ஒன்று, சுரக்கூட்டால் தர இயலாததைத் தருகிறது. அதனை எங்கே பயன்படுத்துவது, எங்கே தவிர்ப்பது என்பது படைப்பாளியின் தெரிவு.

ஒரே கட்டுப்பாட்டின்கீழ் இயங்கிய இருவரை ஒப்பிட்டால் இது தெளிவாகும். மான்செஸ்டரில் ஓஷன் நிறுவனத்திற்காக இசையமைத்த மார்ட்டின் கால்வேயும் ஹப்பர்டும் ஒரே சில்லையும் ஒரே அளவு நினைவகத்தையும் பெற்றிருந்தனர். ஹப்பர்டின் இசை தாளம் செறிந்தது, சுரங்கள் குறுகியவை, முரசும் அடித்தொனியும் இடைவெளியின்றிப் பின்னப்பட்டிருக்கும். கால்வேயின் 'பாரலக்ஸ்' (1986) முகப்பிசை பத்து நிமிடங்களுக்கு மேல் நீள்கிறது. அங்கே நீண்டொலிக்கும் சுரத்தின் துடிப்பு அகலம் மெல்ல மாறிக்கொண்டேயிருக்க, ஒலியின் நிறமாற்றமே இசையின் நகர்வாகிறது. கட்டுப்பாடு காரணமாயின், இருவரும் ஒத்திருக்க வேண்டும். அவர்கள் ஒத்திலர். எனவே, கட்டுப்பாட்டைப் படைப்பின் சூழலாகக் கொள்ளலாமேயன்றி, அதன் காரணமாகக் கொள்ளலாகாது.

5. பாடவேறுபாடுகள்

நிரலே மூலபாடம் எனில், ஒரே நிரல் எல்லாக் கணினிகளிலும் ஒன்றுபோல் ஒலிக்கிறதா என்னும் வினா எழுகிறது. ஒலிப்பதில்லை. சுவடி வேறுபாடுகளை ஒப்பிட்டுப் பழகிய தமிழாய்வாளர்க்கு இச்சிக்கலின் தன்மை எளிதில் விளங்கும். வேறுபாடுகள் மூவகையின.

முதலாவது, கடிகார வேறுபாடு. ஐரோப்பியக் கமடோர் 64 நொடிக்கு 9,85,248 துடிப்புகளிலும், அமெரிக்கக் கணினி 10,22,727 துடிப்புகளிலும் இயங்குகின்றன. சில்லின் அதிர்வெண் இதனைச் சார்ந்தது. ஐரோப்பியக் கணினியில் 440 ஹெர்ட்ஸ் ஒலி பெறப் பதிவகத்தில் 7493 என எழுத வேண்டும். அதே எண் அமெரிக்கக் கணினியில் ஏறத்தாழ 457 ஹெர்ட்ஸ் தரும். இது அரைச்சுரத்தின் பாதியினும் மிகுந்த உயர்வு. மேலும், அங்குத் திரை நொடிக்கு 60 முறை வரையப்படுவதால், திருத்தப்படாத நிரல் ஐந்தில் ஒரு பங்கு விரைந்தோடும். விளைவு வேகத்தோடு நிற்பதில்லை. மேற்கண்ட ஆர்பெஜியோவின் சுழற்சி 17-இலிருந்து 20 ஆகிறது. நடுக்கத்தின் தன்மை மாறுகிறது. காலமே ஒலிப்பண்பாக அமைந்த இசையில், காலம் மாறினால் வாத்தியமும் மாறும்.

இரண்டாவது, வடிகட்டி வேறுபாடு. 6581 சில்லின் வடிகட்டி தொடர்மின் சுற்றாக அமைந்தது; உற்பத்தி வேறுபாட்டால் ஒரே எண்ணுக்கு ஒரு சில்லில் இருண்ட ஒலியும், மற்றொன்றில் கூரிய ஒலியும் தோன்றும். இசையமைப்பாளர் தம் மேசையில் கேட்டதை வாங்கியவர் வீட்டில் கேட்பார் என்னும் உறுதி இல்லை. இங்கு எந்த ஒரு சில்லையும் முற்றதிகாரம் உடையதாகக் கொள்ள இயலாது.

மூன்றாவது, சில்லின் மறுவடிவம். 1980-களின் பிற்பகுதியில் வந்த 8580, முந்தையதன் குறைகள் பலவற்றைக் களைந்தது. வடிகட்டி சீரானது, அலைவடிவங்களை இணைத்துப் பெறும் ஒலிகள் மாறின. பொறியியல் நோக்கில் இது முன்னேற்றம். ஆனால் ஏற்கெனவே இயற்றப்பட்ட இசைக்கு அது என்ன செய்தது என்பதை அடுத்த பகுதி காட்டும்.

6. ஒலி மாதிரிகள்: குறையில் நின்ற கலை

சிட் சில்லுக்குப் பதிவு செய்த ஒலியை இயக்கும் வசதி இல்லை. ஆயினும் 6581-இல் ஒரு மின்குறை இருந்தது. குரல்கள் ஒலிக்காதபோதும் வெளியீட்டில் ஒரு நிலைமின்னழுத்தம் எஞ்சியிருந்ததால், ஒலியளவுப் பதிவகத்தை மாற்றுந்தோறும் 'டிக்' என்னும் ஓசை எழுந்தது. இவ்வோசையையே நிரலாளர்கள் பயன்படுத்திக்கொண்டனர். ஒலியளவை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை மாற்றினால், 16 படிகள் கொண்ட, அதாவது 4 பிட்டு அளவிலான ஒலி மாதிரியை ஒலிக்கச் செய்யலாம்.

இதன் செலவு பெரிது. நொடிக்கு 4,000 மாதிரிகள் எனக் கொண்டால், ஒரு பைட்டில் இரண்டு வீதம், நொடிக்கு 2,000 பைட்டுகள் வேண்டும். 64 கிலோபைட்டு நினைவகம் முழுவதையும் அளித்தாலும் 33 நொடிகள் கூட நிறையா. செயலகத்திற்கு ஒரு மாதிரிக்கும் அடுத்ததற்கும் இடையே 246 துடிப்புகளே கிடைக்கும். அவற்றிலும் சிலவற்றைத் திரைச்சில்லு தன் தேவைக்குப் பறித்துக்கொள்ளும். ஆகவே, முழுப்பாடலையும் மாதிரியாக்குவது இயலாது. குறுகிய முரசொலிகளும் ஓரிரு நரம்பொலிகளுமே இயன்றன. கால்வே 1987-இல் 'ஆர்க்கனாய்டு' விளையாட்டின் இசையில் முரசுகளை இவ்வாறு அமைத்தார். ஹப்பர்ட் அதே ஆண்டில் 'ஸ்கேட் ஆர் டை' முகப்பிசையில் கிட்டார் ஒலியைப் பயன்படுத்தினார். முரசுக்கெனக் குரலொன்றைச் செலவிட வேண்டாமையால் மூன்று குரல்களும் இன்னிசைக்கு விடுபட்டன; நடைமுறையில் நான்காவது குரலொன்று பிறந்தது.

8580 சில்லு அந்த நிலைமின்னழுத்தத்தைப் பெரிதும் நீக்கியது. உடன் அந்நான்காவது குரலும் தேய்ந்தது. புதிய கணினியில் அதே நிரல் பிழையின்றி இயங்கியது. ஆனால் முரசுகள் செவிக்கு எட்டாதவாறு மங்கின. சிலர் சில்லின் ஒரு முனையில் மின்தடையைப் பற்றவைத்து, குறையை மீட்டுக்கொண்டனர். குறையைத் திருத்தியதால் பாடம் சிதைந்த இந்நிகழ்வு, ஏட்டில் பிழையெனக் கருதி நல்ல பாடத்தைத் திருத்திவிடும் பதிப்பாசிரியரின் செயலை ஒத்தது.

1985-இல் வெளியான அமிகா கணினியின் பாலா சில்லு நான்கு தடங்களில் 8 பிட்டு மாதிரிகளை இயல்பாகவே ஒலித்தது. 1987-இல் கார்ஸ்டன் ஒபார்ஸ்கியின் அல்டிமேட் சவுண்ட்டிராக்கர் மென்பொருள் அதனை எளிதாக்கியது. அங்கே வாத்தியம் வெளியிலிருந்து கொணரப்பட்டு, கோப்பிலேயே பொதிந்து வைக்கப்படுகிறது. எனவே, பாடவேறுபாடு குறைகிறது. அதே வேளையில், ஒலியைக் கணந்தோறும் எழுதும் கலை பின்னிடத்திற்குச் செல்கிறது. இவ்விரு மரபுகளையும் 'சில்லிசை' என ஒரே பெயரால் வழங்குவது வசதியானதே. திறனாய்வில் அவற்றைப் பிரித்தறிதல் வேண்டும்.

7. தொகுப்பும் பதிப்பும்

1996-இல் தொடங்கிய 'ஹை வோல்டேஜ் சிட் கலெக்‌ஷன்' என்னும் தன்னார்வத் தொகுப்பு, இன்று 50,000-க்கும் மேற்பட்ட இசைகளைக் கொண்டுள்ளது. அது ஒலிப்பதிவுகளைச் சேர்ப்பதில்லை. இயக்கு நிரலையும் இசைத்தரவையும் விளையாட்டிலிருந்து பிரித்தெடுத்துச் சேர்க்கிறது. கோப்பின் தலைப்பகுதியில் இயற்றியவர் பெயருடன், எந்தக் கடிகாரத்திற்கும் எந்தச் சில்லுக்கும் உரியது என்பதைக் குறிக்கவும் இடமுண்டு. மூலபாடம் எது என்னும் வினாவிற்கு இத்தொகுப்பாளர்கள் கோட்பாட்டு விளக்கம் ஏதுமின்றியே சரியான விடையைக் கண்டுள்ளனர் எனலாம்.

எனினும், இரண்டு குறைகளைச் சுட்ட வேண்டும். முதலாவது, பிரித்தெடுத்தலால் சூழல் இழக்கப்படுகிறது. பல விளையாட்டுகளில் வெடியோசை எழும்போது ஒரு குரல் இசையிலிருந்து பறிக்கப்பட்டு, பின்னர் மீள்விக்கப்படும். ஆடியவர் கேட்டது இந்த இடையறவுபட்ட இசையே. தொகுப்பில் இருப்பதோ எவரும் ஆட்டத்தில் கேட்டிராத முழுமை. இரண்டாவது, கேட்பவர் பெரும்பாலும் எமுலேட்டர் வழியாகவே கேட்கிறார். டாக் லெம் உருவாக்கிய ரீசிட் போன்ற மென்பொருள், வடிகட்டியின் எந்த வளைகோட்டைப் பின்பற்றுவது எனத் தெரிவு செய்தே தீர வேண்டும். அத்தெரிவு ஒரு பதிப்பு முடிவு. ஆனால் கேட்பவர்க்கு அது முடிவாகத் தோன்றுவதில்லை, இயற்கையாகவே தோன்றுகிறது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம்: கேட்போர் அனுபவித்தது ஒலியையே, நிரலையன்று, எனவே நல்ல ஒலிப்பதிவு போதாதா? ஒலிப்பதிவு ஒரு நிகழ்த்துதலின் சான்று. அந்த அளவில் அது மதிப்புடையது. ஆனால் எந்தக் கணினியில், எந்தச் சில்லில் நிகழ்ந்தது என்பதைச் சொல்லாத பதிவு, மூலச் சுவடி குறிக்கப்படாத அச்சுப்பிரதியைப் போன்றது. முரசு மங்கிய ஆர்க்கனாய்டு பதிவொன்றைக் கேட்கும் மாணவர், கால்வே தாளத்தைப் புறக்கணித்தார் என முடிவு செய்ய இடமுண்டு. அம்முடிவு படைப்பைப் பற்றியதன்று. பதிவுக்குப் பயன்பட்ட சில்லைப் பற்றியது.

8. முடிவுரை

இவ்வாய்வின் முடிவுகளைப் பின்வருமாறு தொகுக்கலாம். சிட் இசையில் சுரம், வாத்தியம், காலம் ஆகிய மூன்றும் ஒரே நிரலில் ஒரே கையால் எழுதப்படுகின்றன; ஆதலின் நிரலே மூலபாடம். கட்டுப்பாட்டு விளக்கம் ஹப்பர்டுக்கும் கால்வேக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க வல்லதன்று. கணந்தோறும் எழுதப்பட்டதை வாசிப்பதே மதிப்பீட்டிற்கு வழி. சில்லின் குறைகளும் பாடத்தின் உறுப்புகளாக அமைந்தமையால், குறை நீங்கிய கருவியில் இசை முழுமை பெறுவதில்லை.

இதிலிருந்து ஆவணக் காப்பகங்களுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் ஒரு நடைமுறைக் கடமை எழுகிறது. நிரலையும், அது இயங்கிய விளையாட்டையும், உரிய சில்லின் குறிப்பையும் ஒருங்கே காக்க வேண்டும். 8580-க்கு முன் ஐரோப்பாவில் இயற்றப்பட்ட இசைக்கு 6581 சில்லுடைய ஐரோப்பியக் கணினியை அடிப்படைப் பாடமாகக் கொண்டு, ஏனையவற்றைப் பாடவேறுபாடுகளாகக் குறிப்பது தகும். 6581 சில்லின் உற்பத்தி நின்று பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. இயங்கும் சில்லுகள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன. எமுலேட்டரின் தெரிவுகளை மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது, அச்சில்லுகள் இயங்கும் காலம் வரையில்தான் இயலும்.